‘பங்கு கொள்ளுதலே பெரிது’ என்னும் மொழியின் பிறப்பு

விளையாட்டு விழாக்களில் பரிசு வழங்கி முடிந்தபின், தோற்ற அணியினரை நோக்கித் தலைவர் கூறும் மொழி ஒன்றுண்டு. வெல்லுதலினும் பங்கு கொள்ளுதலே பெரிது என்பது அது. கேட்போர் கைதட்டுவர், தோற்றோர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வர். இம்மொழி ஆறுதலுக்கென்றே பிறந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். அதன் பிறப்பை ஆராயுமிடத்து, அது தோற்றோரை நோக்கி எழுந்ததன்று, வெற்றிக்காக வழக்காடினோரை நோக்கி எழுந்ததே என்பது விளங்கும்.

1908ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஒலிம்பிக் விழா நிகழ்ந்தது. தொடக்க நாளிலேயே ஆங்கிலேயர்க்கும் அமெரிக்கர்க்கும் மனக்கசப்பு உண்டாயிற்று. அரங்கில் பறந்த கொடிகளுள் அமெரிக்கக் கொடி காணப்படவில்லை. பின்னர்க் கயிறு இழுக்கும் போட்டியில் லிவர்ப்பூல் போலீஸார் கனத்த பூட்ஸ் அணிந்து வந்தனர் என்று அமெரிக்கர் முறையிட்டு, முறையீடு தள்ளப்படவே விலகினர். இந்நிலையில் ஜூலை 19ஆம் நாள் ஞாயிறன்று, தூய பவுல் பேராலயத்தில் எதெல்பெர்ட் டால்பட் என்னும் அமெரிக்கப் பேராயர் அருளுரை ஆற்றினார். லாம்பெத் மகாநாட்டின்பொருட்டு லண்டனுக்கு வந்திருந்தவர் அவர். அழியும் முடியையும் அழியாத முடியையும் பற்றிப் பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதியதைத் துணைக்கொண்டு, பந்தயத்தினும் பரிசினும் ஆட்டமே மேலானது, முடி ஒருவர்க்கே உரியதாயினும் மகிழ்ச்சி எல்லார்க்கும் உரியது என்னும் பொருள்பட அவர் பேசினார்.

23ஆம் நாள் பூசல் முற்றியது. 400 மீட்டர் ஓட்டத்தின் இறுதியில் அமெரிக்கராகிய கார்ப்பென்டர், பிரிட்டிஷ் வீரர் ஹால்ஸ்வெல்லின் வழியை மறித்தார் என்று கூறி, நடுவர் அவ்வோட்டத்தைச் செல்லாததாக்கினர். மறுநாள் மாரத்தான் ஓட்டம். இத்தாலியராகிய டொராண்டோ பியெட்ரி எல்லைக்கருகில் பன்முறை வீழ்ந்து, பிறர் தாங்க முதலில் சேர்ந்தார். தாங்கினமையாலேயே பரிசை இழந்தார். அதே 24ஆம் நாளில் பிரிட்டிஷ் அரசாங்கம் அளித்த விருந்தில், கூபர்டின் பிரபு பேராயரின் பெயரைச் சொல்லியே அவர் கருத்தைச் சுருக்கி எடுத்துரைத்தார். அச்சுருக்கமே இன்று நாம் கேட்கும் மொழி. பேராயர் மறக்கப்பட்டார், பிரபுவின் பெயரே நிலைத்தது. விருந்தில் அமர்ந்தோர் அதனை எவ்வளவு உள்ளத்திற் கொண்டனர் என்பதற்கு 25ஆம் நாளே சான்று. அமெரிக்கர் மீண்டும் ஓட மறுக்க, ஹால்ஸ்வெல் தனியே ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். பங்கு கொள்ளுதலின் பெருமை சொல்லப்பட்ட மறுநாள், பங்கு கொள்வார் ஒருவரே!

தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. முயலைக் கொன்ற அம்பைக் காட்டிலும் யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலே சிறந்தது என்ற வள்ளுவர், அதனைப் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் வைத்தார். ஆறுதல் கூறும் இடத்தில் வைத்திலர். எடுத்த முயற்சியின் அளவே அவர்க்கு அளவுகோல்.

1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் விழாவில் இம்மொழி அரங்கின் பலகையில் எழுதப்பட்டு உலகறிந்ததாயிற்று. அதற்கு முன்னரே நம் நாட்டினர் அதனைச் செயலிற் காட்டியிருந்தனர். சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக், 1924இல் பாரிஸ் சென்ற இந்திய அணியுடன் போந்தார். அவ்வணியில் சென்னை மாகாணத்தவராகிய சி. கே. லட்சுமணன் தடை தாண்டி ஓடினார். இந்தியா அவ்விழாவில் ஒரு பதக்கமும் பெற்றிலது. எனினும் அப்பயணத்தை வீணென்று எவர் கூறுவர்?

ஆயினும் பங்கு கொள்ள விடப்பட்டவர் யார் என்றும் வினவுதல் வேண்டும். 1908ஆம் ஆண்டின் ஒலிம்பிக் படகுப் போட்டிகள் ஹென்லியில் நடந்தன. அவ்வூரின் புகழ்பெற்ற படகு விழாவில், கைத்தொழிலாளரும் கூலிக்கு உழைப்போரும் சேரலாகாது என்னும் விதி 1937 வரை வழங்கிற்று. உழைத்த கைக்கு வலிமை மிகுதி, அது நேர்மையான போட்டியன்று என்பது அவர்கள் கூறிய நியாயம்! பிலடெல்பியாவின் செங்கற் கொத்தனார் ஜான் கெல்லி 1920இல் அங்கே மறுக்கப்பட்டதற்கு இவ்விதியும் ஒரு காரணம். அவ்வாண்டிலேயே அவர் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் விழாவில் தங்கம் வென்றார்.

அத்தகைய விதி இன்று எங்கும் எழுதப்பட்டிலது. எனினும் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு பார்க்கும் இளைஞன், ஞாயிறு மாலைச் சடுகுடுவிற்கு வரவேண்டுமாயின், மற்றொருவன் அவனிடத்தில் நின்றாக வேண்டும். மாற்றாள் கிடையாத வாரங்களில் எழுவர் ஆடவேண்டிய அணியில் அறுவரே கோட்டுக்குள் இறங்குகின்றனர்.