சிட்னிச் சிலந்தி கடித்தால் நாய் ஏன் பிழைக்கிறது?

கேள்வி: என் மகன் சிட்னியின் வடக்குப் புறநகர் ஒன்றில் வீடு வாங்கியிருக்கிறான். தோட்டத்தில் ‘ஃபனல்-வெப்’ என்ற கறுப்புச் சிலந்தி வருமாம். கடித்தால் மனுஷனுக்கு ஆபத்து, நாய்க்கு ஒன்றும் ஆகாது என்கிறான். கேலி செய்கிறானா? பேத்திக்கு இரண்டு வயதுதான். இன்னொன்று, சிலந்தி விஷத்திலிருந்து வலி மருந்து வரப்போவதாகப் படித்தேன். என் மூட்டுவலிக்குக் கேட்குமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: மகன் கேலி செய்யவில்லை அம்மா. நாய், பூனை, முயல் எல்லாம் அந்தக் கடியைப் பெரும்பாலும் தாங்கிவிடும். தாங்காதது மனிதனும் குரங்கும்தான். ஆனால் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவான சாவுகள் 13. எல்லாமே 1981-க்கு முந்தியவை. அதன்பின் விஷமுறிவு மருந்து வந்துவிட்டது. மெல்போர்னில் ஸ்ட்ருவன் சதர்லேண்ட் குழு உருவாக்கியது. விஷத்தைத் தாங்கும் அதே முயலுக்குச் சிறுகச் சிறுக ஊசி போட்டு, அதன் ரத்தத்திலிருந்துதான் மருந்தைப் பிரிக்கிறார்கள். விஷத்துக்கு எங்கே போவது? சிட்னிக்கு வடக்கே சோமர்ஸ்பியில் உள்ள ஊர்வனப் பூங்காவுக்கு, பொதுமக்களே சிலந்தியை ஜாடியில் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சீண்டினால் சிலந்தி முன்கால்களைத் தூக்கி நிற்கும். பல் நுனியில் துளிர்க்கும் விஷத்தைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள்.

இனி விஷத்தின் வேலை. நரம்பில் செய்தி ஓடுவது சோடியத்தால். நரம்பின் உறையில் சோடியம் நுழைவதற்கென்றே சேனல்கள் உண்டு. தூண்டல் வந்ததும் திறக்கும், ஒன்றிரண்டு மில்லி விநாடிக்குள் தானே அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்புதான் முக்கியம்; அது இல்லாவிட்டால் நரம்பு ஓயாது. இந்தச் சிலந்தியின் விஷத்தில் 42 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்ன பெப்டைடு இருக்கிறது. உள்ளே நான்கு கந்தகப் பிணைப்புகள் போட்டு இறுக்கி முடிந்திருப்பதால் எளிதில் சிதையாது. அது சேனலின் மின்னழுத்தத்தை உணரும் பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு, அடைபட விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. கதவைச் சாத்தவிடாமல் நிலையில் கால் வைப்பதுபோல. விளைவு, ஒரு தூண்டலுக்கு ஒரு செய்தி போக வேண்டிய இடத்தில் செய்திகள் சரம் சரமாகப் போகும். வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்குத் துடிப்பு, கொட்டும் வியர்வை, எச்சில், எகிறும் ரத்த அழுத்தம், கடைசியில் நுரையீரலில் நீர். விஷம் என்றால் நரம்பைச் செயலிழக்க வைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இது ஓயவிடாமல் அடித்துக் கொல்லும் ரகம்.

சிலந்திக்கு மனிதன்மேல் என்ன கோபம்? ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் மனிதன் கால் வைக்கும்வரை குரங்கினமே கிடையாது. கடும் விஷமுள்ளது ஆண் சிலந்தி. கோடையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும் பெண்ணைத் தேடி வளையை விட்டு வெளியே அலையும். அப்போது தன்னைத் தின்ன வரும் பிராணிகளை விரட்டத்தான் இந்தப் பெப்டைடு என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நம் சேனலிலும் அது பொருந்திப்போனது நம் கெட்ட நேரம்.

அயல்நாட்டு அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்ச் செந்தேளின் விஷமும் சோடியம் சேனலை அடைபட விடாத வகைதான். கொட்டு வாங்கிய குழந்தைக்கு வியர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டு, நுரையீரலில் நீர் கோப்பது அதனால்தான். மகாராஷ்டிராவின் மஹாட் என்ற சிற்றூரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரையைக் கொடுத்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றினார். விலை மலிந்த மாத்திரை அது. எனக்கு இந்தத் துறையில் பிடித்த கதை இதுதான்.

மகனிடம் சொல்லுங்கள்: கடித்தால் வாயால் உறிஞ்சவோ, கீறவோ, கயிறு போட்டு இறுக்கவோ கூடாது. அகலமான கிரேப் பேண்டேஜைக் கடிவாயின்மேல் தொடங்கி கை அல்லது கால் முழுக்க அழுத்திச் சுற்றி, சிம்பு வைத்துக் கட்டி, அசையாமல் கிடத்திவிட்டு 000-க்கு அழைக்க வேண்டும்.

மூட்டுவலிக்கு வருவோம். மனிதனுக்குச் சோடியம் சேனல் ஒன்பது வகை. அவற்றில் 1.7 என்ற வகை பிறவியிலேயே வேலை செய்யாதவர்களுக்கு வலியே தெரியாது. பாகிஸ்தானியக் குடும்பங்களில் இதைக் கண்டு 2006-ல் வெளியிட்டார்கள். பெரு நாட்டுப் பெருஞ்சிலந்தி ஒன்றின் பெப்டைடு இந்த 1.7-ஐ அடைக்கிறது. செய்தித்தாள்கள் இங்கேயே தலைப்புப் போட்டுவிடுகின்றன. இதயத்திலும் தசையிலும் உள்ள சேனல்களைத் தொடாமல் அதை மட்டும் அடைக்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். தவிர, பெப்டைடை விழுங்கினால் வயிறு செரித்துவிடும். 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்த சுசெட்ரிஜின் மாத்திரை 1.8 வகையை அடைப்பது. அது சிலந்தியிலிருந்து வந்ததல்ல, அனுமதியும் அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பின் வரும் திடீர் வலிக்குத்தான். உங்கள் மூட்டுக்கு இன்றைக்கு உதவுவது தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மெல்ல இறக்குவதில் தொடங்குங்கள்.