கூட்டம் மிரட்டினால் பேச்சு நிற்க வேண்டுமா?



பேச்சுரிமைக்கு வரம்பு கட்ட அரசியலமைப்பின் 19(2) எட்டுக் காரணங்களை அனுமதிக்கிறது. அவற்றுள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது பொது ஒழுங்கு. ஒருவர் பேசினால் எதிர்த்தரப்பு கொதித்தெழும், கல் பறக்கும், ஆகவே பேசுகிறவரைத் தடுப்பதே ஒழுங்கைக் காப்பது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஊறிக் கிடக்கிறது. ஆவடிப் பகுதியிலுள்ள முத்தாபுதுப்பேட்டையில் தெருமுனைக் கூட்டம் நடத்த மனுக் கொடுத்தால், சிலர் எதிர்க்கிறார்கள் என்பதற்காகவே காவல் நிலையம் மறுக்கலாமா என்ற கேள்வியும் அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான். அந்தக் காரணம் மட்டும் போதாது என்பதே சட்டம். அந்தச் சட்டம் உருவானதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது 19(2)இல் பொது ஒழுங்கு இடம்பெறவில்லை. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று 1950 மார்ச்சில் மாநில அரசு தடை விதித்தது. பொது ஒழுங்கைப் பராமரிக்கும் 1949ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு ஆதாரம். மே 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. மறு ஆண்டே முதல் திருத்தம் வந்து பொது ஒழுங்கைப் பட்டியலில் சேர்த்தது. கூடவே, கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நுழைந்தது.  நீதிமன்றங்கள் பிற்பாடு பற்றிக்கொண்டது அந்த நிபந்தனையைத்தான்.

இந்தத் துறையில் ஒரே ஒரு வழக்கைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் அது 1989ஆம் ஆண்டின் ரங்கராஜன் வழக்காக இருக்க வேண்டும்.  

வழக்கின் மையம் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம். பிராமணப் பெண் ஒருத்தி பொய்ச் சாதிச் சான்றிதழில் கருப்பாயி என்ற பெயரோடு படித்து, அதிகாரியாகி, பிறகு அகப்படுவது கதை. இடஒதுக்கீட்டைச் சாதியை வைத்துத் தராமல் பொருளாதார நிலையை வைத்துத் தர வேண்டும் என்பது படத்தின் வாதம். தணிக்கையில் முதலில் மறுப்பு, மறுஆய்வுக்குப் பிறகு 1987 டிசம்பரில் 'யு' சான்றிதழ். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி சான்றிதழை விட்டுவைத்தார். இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. இதற்கிடையே படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு வைத்த வாதம், படம் ஓடினால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும், சில அமைப்புகள் போராடுகின்றன என்பது. நீதிபதி ஜகந்நாத ஷெட்டி எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தைக் கண்டு சிரிப்பும் கவலையும் ஒருங்கே வருவதாகச் சொல்லியே பதிலைத் தொடங்கியது. ஊர்வலம் விடுவோம், வன்முறையில் இறங்குவோம் என்ற மிரட்டலுக்காகப் பேச்சை அடக்கினால் சட்டத்தின் ஆட்சியே மிரட்டுகிறவரிடம் மண்டியிட்டதாகும். பகைமை கொண்ட கூட்டத்தைச் சமாளிக்க இயலாது என்று அரசு கைவிரிக்க முடியாது, சமாளிப்பது அதன் கடமை என்றது நீதிமன்றம். பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு ஊகமாக இருந்தால் போதாது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப் போல இரண்டையும் பிரிக்க முடியாதபடி நெருங்கியிருக்க வேண்டும்.

படத்தின் வாதம் இதை எழுதுபவருக்குச் சற்றும் உடன்பாடில்லை. பொய்ச் சான்றிதழ் வாங்கியவள் மேல் பரிதாபம் கேட்கும் கதை அது. இந்த வழக்கின் பெருமையும் அங்கேதான் இருக்கிறது. தனக்குப் பிடித்த நூல் தடைபடும்போது உரிமை பேசுகிறவர்களுக்குத் தமிழகத்தில் பஞ்சமில்லை. பிடிக்காத படத்துக்கும் அதே அளவுகோலை எடுக்கிறவர்கள்தான் குறைவு. எழுத்தாளர் பெருமாள்முருகனுக்காகக் குரல் கொடுத்த பலர் இந்தத் தீர்ப்பின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மிரட்டலுக்காகப் பேச்சை அடக்கக் கூடாது என்ற கொள்கையின் வேர் இன்னும் பழையது. சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவ அமைப்பு இங்கிலாந்தின் வெஸ்டன்-சூப்பர்-மேர் ஊரில் ஊர்வலம் போகும்போதெல்லாம் 'எலும்புக்கூட்டுப் படை' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கும்பல் வம்புக்கு வந்தது. போலீஸ் பிடித்தது ஊர்வலக்காரர்களை. சட்டப்படியான காரியத்தைச் செய்கிறவர், அதைக் கண்டு இன்னொருவர் சட்டத்தை மீறுவார் என்பதால் குற்றவாளியாகிவிட மாட்டார் என்று 1882இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பீட்டி எதிர் கில்பேங்க்ஸ் என்ற அந்தத் தீர்ப்பு சில பக்கங்கள்தான். ஒரு மாலை போதும் படிக்க.

தீர்ப்பு இருப்பது வேறு, அதிகாரி அதன்படி நடப்பது வேறு. 2010இல் வெளியான பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் வருவாய்த் துறை அதிகாரி முன்னிலையில் நடந்த 'சமாதானப் பேச்சு', அவரிடம் மன்னிப்பை எழுதி வாங்கியதில் முடிந்தது. ரங்கராஜன் தீர்ப்புக்கு அப்போது வயது 25. அந்த எழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு சொல்லும்வரை ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது.

முத்தாபுதுப்பேட்டைக்கே உரிய ஒரு விலக்கும் உண்டு. அங்குள்ள விமானப்படை நிலையத்தின் வீரர்கள் இந்த உரிமையை முழுமையாகக் கோர முடியாது. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1950ஆம் ஆண்டு விமானப்படைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பத்திரிகைக்கு எழுதுவது, கூட்டங்களில் பேசுவது ஆகியவற்றைக் கட்டுப்படுத்த வழி செய்கிறது. இது பணியில் இருப்பவரோடு நிற்கும். அவருடைய மனைவி மக்களுக்கும், எதிரே டீக்கடை வைத்திருப்பவருக்கும் 19(1)(அ) தரும் பேச்சுரிமை முழுமையாகவே உண்டு. விமானப்படை ஊர் என்பதால் ஊரே வாய்மூடி இருக்க வேண்டும் என்று நினைப்பது அறியாமை.

பேசுகிறவர் கும்பலைத் தூண்டி ஒரு வீட்டின் மேல் ஏவினால் கதை வேறு. தானிய வணிகர்கள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதலாம், அத்தகைய வணிகர் ஒருவர் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் சொல்லக் கூடாது என்று தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இலேயே கோடு கிழித்தார்.

இரு தரப்புக்கும் வேறு வேறு நேரமோ இடமோ ஒதுக்குவது, கூடுதல் காவலர்களை நிறுத்துவது, ரகளை செய்கிறவரைக் கைது செய்வது எல்லாம் காவல் துறையின் கையில் இருக்கும் வழிகள். உடனடி ஆபத்து உண்மையிலேயே இருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆக இருந்து 2024 ஜூலை முதல் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆகிவிட்ட பிரிவில் தடையாணை போடலாம். அதற்குப் பொதுவாக இரண்டு மாதமே ஆயுள். மறுப்பு வாய்மொழியாக வந்தால் நீதிமன்றத்தில் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே மனுவுக்கு ஒப்புகையும், மறுப்புக்கு எழுத்தில் காரணமும் கேட்டு வாங்க வேண்டும். அந்த உத்தரவை எதிர்த்து ஆவடி காவல் ஆணையரிடம் முறையிடலாம். அங்கும் பலிக்காவிட்டால் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், கூட்டத் தேதிக்கு முன்பாகவே.