வடிகட்டி யார் கையில்?

கேள்வி: மாஸ்டடான் சமூக வலைத்தளத்துக்குத் தலைமை அலுவலகமே இல்லையாமே! வெறுப்புப் பதிவுகளை அங்கே யார்தான் வடிகட்டுவது?

பதில்: மாஸ்டடான் என்பது தனித்தனி சர்வர்களின் கூட்டு. முதல் காவல், அந்தந்த சர்வரை நடத்துபவர்தான். 2019இல் தீவிர வலதுசாரிகளின் கூடாரமான ‘காப்’ தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியது. கட்டற்ற மென்பொருள் என்பதால் யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால், பல சர்வர்கள் அதனுடன் தொடர்பைத் துண்டித்தன. மாஸ்டடானைப் பயன்படுத்த உதவும் ‘டஸ்கி’ செயலியோ காப் கணக்கில் லாகின் செய்யவே விடவில்லை. செயலி இப்படித் தடுக்கலாமா என்று சர்ச்சை வெடித்தது. இன்னொரு சமூக வலைத்தளமான ப்ளூஸ்கை 2024இல் வேறு வழி பிடித்தது: பதிவுகளுக்கு லேபிள் ஒட்டும் சேவைகளைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம், எதை மறைப்பது, எதை எச்சரிக்கையோடு காட்டுவது என்பதும் அவர் விருப்பம்.

என் கட்சி இதுதான்: சட்டவிரோதமானதை சர்வரே நீக்கட்டும். பிடிக்காததை மறைப்பது பயனரின் உரிமை. செயலி அதற்குக் கருவி தந்தால் போதும், நாட்டாமை வேண்டாம். நீங்களும் கணக்குத் தொடங்குமுன் அந்த சர்வரின் விதிகளைப் படித்துவிடுங்கள்.