வெப்பநிலத்துக்கு ஏற்ற பீச் இனத்தைத் தேர்தல்

பீச் என்பது சீன நாட்டிற் பிறந்து, பாரசீகத்தின் வழியே மேல்நாடு சென்ற கனியாகும். பாரசீகமே அதன் தாயகமென மேல்நாட்டார் மயங்கியமையால், "பெர்சிக்கா" என்னுஞ் சொல் அதன் நூற்பெயரில் இன்றும் நிலவுகின்றது. குளிரில் இலையுதிர்த்து உறங்கும் இம்மரத்தை வெப்பநிலத்தில் வளர்ப்பது எங்ஙனம்? அமெரிக்காவின் தென்கிழக்கிலுள்ள பிளாரிடா மாகாணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தோட்டக்காரன் நோக்கத்தக்கவை நான்கு: குளிர், உறைபனி, கனியின் தசை, வேர் என்பன.

முதலாவது குளிர். ஏறக்குறைய 7 பாகை சென்டிகிரேடுக்குக் குறைந்த குளிரில் இத்தனை மணி நேரம் கழிந்தாலன்றி மொட்டுக்கள் முறையாக அவிழா. ஜார்ஜியாவிற் புகழ்பெற்ற எல்பெர்ட்டா என்னும் இனம் ஏறத்தாழ 800 மணி வேண்டுவது. அத்தகைய மரத்தை நடுப் பிளாரிடாவில் நட்டால், தளிர் காலந்தாழ்த்துத் தோன்றும்; பூ அருகும்; கனியோ காண்டலரிது. இக்குறையை நீக்க, 1950-க்குப் பின்வந்த ஆண்டுகளில் பிளாரிடாப் பல்கலைக்கழகத்தார் ரால்ப் ஷார்ப் என்பார் தலைமையில், சிறுகுளிரே வேண்டும் மரங்களை நல்ல கனிதரும் இனங்களோடு கலந்து புத்தினங்களை ஆக்கத் தொடங்கினர். வெய்ன் ஷெர்மன் என்பார் அப்பணியைத் தொடர்ந்தனர். 1982-இல் வெளியான பிளார்டாபிரின்ஸ் 150 மணிக் குளிரோடு அமைவது, யூ.எப். சன் 100 மணியே வேண்டுவது.

அங்ஙனமாயின், மிகக் குறைந்த குளிர் வேண்டும் இனமே எங்கும் சிறந்ததோ எனின், அன்று. இதுவே நாம் ஊன்றி நோக்கத்தக்க இடம். குளிர்த்தேவை விரைவில் நிறைந்த மரம் சில நாள் வெயிற் கண்டதும் பூத்துவிடும். வடபிளாரிடாவில் அதன்பின்னரும் உறைபனி வீழும். ஓரிரவுப் பனியிற் பூவும் பிஞ்சும் கருக, ஓராண்டு உழைப்பு வீணாகும். ஆதலின், குளிர்த்தேவை இடத்தின் குளிரினும் மிகுதலுங் கூடாது. மிகக் குறைதலுங் கூடாது.

மூன்றாவது தசை. உருகுதசைக் கனி முதிர்ந்ததும் குழையும். தொலைவு செல்வதற்கு அதனைச் சற்று முன்னரே பறித்தல் வேண்டும். யூ.எப். சன் போன்ற உருகாத்தசைக் கனியோ மரத்திலேயே பழுத்துச் சுவை நிரம்பியும் உறுதி குன்றாது. பூத்து ஏறக்குறைய 80 நாளில் இவை பழுப்பதால், வடமாகாணக் கனிகள் சந்தைக்கு வருமுன் நல்ல விலை பெறலாம்.

நான்காவது வேர். பிளாரிடாவின் மணல் நிலத்தில் வேர்முடிச்சுப் புழுக்கள் மலிந்துள்ளன. கனி எத்துணைச் சிறந்ததாயினும் வேர் கெட்டால் மரம் நில்லாது. ஆகவே, அப்புழுவை எதிர்க்கும் பிளார்டாகார்டு என்னும் அடிமரத்தின்மீது ஒட்டிய கன்றுகளையே கொள்ளல் வேண்டும். பீச் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதாகலின், துணையினம் நாடவேண்டுவதில்லை.

நெல்லாயின் அடுத்த போகத்தில் வேறு விதை விதைத்துப் பிழையைத் திருத்தலாம். மரமோ பல்லாண்டு நிற்பது. பிழையும் அதனோடு நிற்கும். ஆதலின், நாற்றங்கால் வணிகர் புகழுரையொன்றையே நம்பாது, தன் நிலத்தின் பல்லாண்டுக் குளிர்க்கணக்கை முதலில் அறிந்து, அதற்கிசைந்த இரண்டு மூன்று இனங்களிற் சில கன்றுகளை நட்டுப் பார்த்து, பின்னரே தோட்டத்தை விரித்தல் அறிவுடைமையாம்.