வேர் தேடுவது எப்படி? குமராட்சிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் பல வீடுகளில் முன்னோர் கதை மூன்றாம் தலைமுறையிலேயே முடிச்சு விழுந்துவிடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருப்பார்கள். அத்தை மகளைக் கட்டியிருப்பார்கள். மூத்தாள் பிள்ளைகள், இளையாள் பிள்ளைகள் என்று இரண்டு வகையறா இருக்கும். கப்பலேறிப் போய்த் திரும்பாத ஒருவரும் இருப்பார். வரிசை தவறாமல் தேடினால் இந்த முடிச்சில் பெரும்பகுதியை அவிழ்த்துவிடலாம்.

முதல் படி: பெரியவர்களும் மொய் நோட்டும்

வீட்டில் வயதில் மூத்தவரிடம் பேசி, பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெயரை மட்டும் கேட்டால் போதாது, “எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தோம், எந்த ஊருக்குக் கொடுத்தோம்?” என்று கேளுங்கள். அடுத்துப் பரணில் கிடக்கும் மொய் நோட்டுகளை இறக்குங்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். தாய்மாமன் வரிசையில் யார் எழுதியிருக்கிறார், பங்காளிகள் யார் யார் என்று அதிலேயே தெரியும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எதையும் விடாதீர்கள். ஒரே பெயரில் இருவர் வந்தால் பெயரோடு அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எதைத் தேடலாம்?

பிரிட்டனில் 1921 கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் 2022இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழித்துத் திறக்கிறார்கள். நம் நாட்டில் 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காகக் கணக்கெடுத்தும் தனிநபர் விவரம் கிடைக்காது. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் அதை ரகசியமாக்கியிருக்கிறது. மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் உங்கள் கிராமத்தின் மக்கள்தொகை கிடைக்கும், பாட்டன் பெயர் கிடைக்காது. அதனால் வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றி நாளை வீணாக்க வேண்டாம்.

மூன்றாம் படி: நிலமும் பத்திரமும்

இங்கே பெயர் சொல்லும் ஆவணம் நிலந்தான். பழைய கிரயப் பத்திரத்தில் ஜில்லா, தாலுக்கா, கிராமம், இன்னார் குமாரர் இன்னார் என்று தெளிவாக இருக்கும். பாகப் பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அண்ணன் தம்பி அத்தனை பேரும் அதில் இருப்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பழைய பத்திரங்களில் தேடும்போது தென்னாற்காடு ஜில்லா என்றுதான் தேட வேண்டும்; கடலூர் மாவட்டம் 1993இல் பிரிந்தது. அதேபோல், இன்றைய காட்டுமன்னார்கோயில் வட்டத்து ஊர்கள் அன்று சிதம்பரம் தாலுக்காவில் இருந்தன.

நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. பட்டா மிராசுதார் பெயரில் இருந்தது. உழுதவர் பெயரை எழுத யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. ஆனால் அவர்களில் கப்பலேறிப் போனவர்களின் பெயர் வேறோர் இடத்தில் பதிவாகியிருக்கிறது.

நான்காம் படி: கப்பல் பட்டியல்

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுக்கா, ஜில்லா, உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். வேலைக்கு ஆள் கணக்கு வைக்க எழுதியதுதான். ஆனாலும் ஊரில் எவரும் எழுதாத ஒரு ஏழையின் அப்பா பெயர் இன்று நமக்குக் கிடைப்பது அதனால்தான். நேட்டால் பட்டியல்கள் டர்பனில் கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. மொரீஷியஸுக்குப் போனவர்களின் ஆவணங்கள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, புகைப்படங்களும் உண்டு. ஊர்ப் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதனால் ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்த்துத் தேடுங்கள்.

ஐந்தாம் படி: டி.என்.ஏ. பரிசோதனை

கையில் காகித ஆதாரம் சேர்ந்த பிறகே இதற்கு வாருங்கள். முதலில் எச்சில் கொடுக்க வேண்டியவர் வீட்டின் மூத்தவர். ஒருவரின் டி.என்.ஏ. தலைமுறைக்குத் தலைமுறை பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போவதால் பாட்டியிடம் இருப்பது பேத்தியிடம் முழுதாக இராது.

ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். குலதெய்வமும் பங்காளிகளும் போகும் அதே பாதை அது. ஒரே குலதெய்வம் கும்பிடும் இரு குடும்பங்களில் ஒவ்வோர் ஆண் பரிசோதித்தால் அந்த உறவு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். சுவீகாரம் நடந்திருந்தால் பொருந்தாமல் போகலாம். அதனால் உறவு பொய்யாகிவிடாது. மைட்டோகாண்ட்ரியா அம்மா, அம்மாவின் அம்மா என்று போகும். அந்தப் பாதைக்கு நம்மிடம் பெயர்களே குறைவு, அதனால் அது மிக அருமையானது.

முடிவைப் படிப்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். அப்பாவின் உடன்பிறந்தார் பிள்ளையோடு சராசரியாக 12.5 சதவீதம் டி.என்.ஏ. பொதுவாக இருக்கும். இரண்டு விட்ட உறவென்றால் சுமார் 3 சதவீதம். இது முறை மணம் இல்லாத குடும்பத்துக் கணக்கு. அத்தை மகளைக் கட்டியவரின் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டி எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான் இருப்பார்கள். அதனால் தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோலத் தெரியும். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து, அவற்றில் 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிலிருந்து பெருகியவை என்று காட்டியது. ஆகவே மொத்தச் சதவீதத்தை நம்பாமல், பொதுவாக உள்ள நீளமான டி.என்.ஏ. துண்டுகளைப் பாருங்கள். நீளமான துண்டு என்றால் அண்மைக் காலத்து முன்னோர்; பொடிப் பொடியாக நிறைய இருந்தால் பழைய உறவு.

எச்சில் கொடுக்கும் முன்

எதிர்பாராத அப்பா, மறைத்து வைத்த தங்கை என்று எதுவும் வெளிவரலாம். மூத்தவரிடம் இதைச் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே குப்பியை நீட்டுங்கள். வேண்டாமென்றால் அதோடு விட்டுவிடுங்கள். டி.என்.ஏ. பரிசோதனை செய்யும் ‘23 அண்ட் மீ’ நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் 2023இல் களவுபோயின. 2025இல் அது திவால் மனு கொடுத்தது. எனவே முடிவுகளை இறக்கி வைத்துக்கொண்டு, மாதிரியை அழிக்கச் சொல்லும் வசதி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.