தாடி ஓணானுக்குச் சிக்கனமாக ஒரு வீடு!

ஆஸ்திரேலிய வறண்ட பூமியின் பியர்டட் டிராகன், நம்ம ஊர் ஓணானுக்குச் சொந்தக்காரன்தான். குளிர் தேசத்துக்காரர்கள் சூடேற்றக் கொட்டும் காசு, தாம்பரம் பக்கம் நமக்கு மிச்சம் தோழிகளே! அதைப் புற ஊதா விளக்குக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம்.

1. வாங்கும்போதே பில் கேளுங்கள். பாங்காக்கிலிருந்து கடத்தி வந்த குட்டிகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டதுண்டு. விலை மலிவு என்று பில் இல்லாத குட்டியைத் தூக்கி வராதீர்கள்.

2. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய மீன்தொட்டி தேடுங்கள். தண்ணீர் ஒழுகும் தொட்டியே போதும், பேரம் பேசலாம். வளர்ந்த டிராகனுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம் வேண்டும். மேலே கம்பி வலை போடுங்கள், நம்ம புழுக்கத்துக்குக் காற்றோட்டம் இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டிவிடும்.

3. தரைக்கு மணல் வேண்டாம், வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும். டைல்ஸ் கடையில் உடைந்த சொரசொரப்பான துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். நகமும் தானாகத் தேயும், துடைப்பதும் சுலபம்.

4. வெயில் காய ஒரு மூலையில் 60 வாட் குண்டு பல்பு, பீங்கான் ஹோல்டரில். அதன் கீழே கல் 40 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி, எதிர்மூலை குளுமையாக இருக்கட்டும். ராத்திரி ஹீட்டர் தேவையே இல்லை. மார்கழியிலும் நம்ம வீட்டுக்குள் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

5. யு.வி.பி. என்னும் புற ஊதா டியூப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. அது இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து தாடை ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இருக்காது. டியூப் நன்றாக எரிந்தாலும் ஒரு வருடத்தில் சத்து போய்விடும், வாங்கிய தேதியைத் தொட்டியிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

6. காலை எட்டரை மணி வெயிலில், பாதி நிழலுள்ள கம்பிக் கூடையில் டிராகனைக் கால் மணி நேரம் மொட்டைமாடியில் வைக்கலாம். பக்கத்திலேயே இருங்கள், காகமும் பூனையும் சும்மா இருக்காது. கண்ணாடித் தொட்டியோடு மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள், உள்ளே வெந்துவிடும்.

7. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, நல்ல கால்சியம். உப்புப் போக இரண்டு நாள் ஊறவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக்கிச் சலித்து, பூச்சித் தீனியில் ஒரு சிட்டிகை தூவுங்கள்.

8. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, செம்பருத்திப் பூ, பரங்கிக்காய்த் துருவல் எல்லாம் பிடிக்கும். பாலக்கீரை கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எப்போதாவது போதும்; வெங்காயம், அவகாடோ வேண்டவே வேண்டாம்.

9. கோதுமைத் தவிடு போட்ட டப்பாவில் மீல்வார்ம் என்னும் தீனிப் புழு தானாகப் பெருகும், ஈரத்துக்கு ஒரு கேரட் துண்டு. தீனி டிராகனின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அளவைத் தாண்டக் கூடாது. மின்மினிப் பூச்சி ஒன்றே உயிரை எடுக்கும், மருந்தடித்த வீட்டுக் கரப்பானும் ஆகாது.

10. அந்த அறையில் கொசுவர்த்தி, லிக்விட் வேண்டாம். கொசு வலை போதும். அக்னி நட்சத்திர மதியத்தில் குண்டு பல்பை அணைத்து, ஐஸ் பாட்டிலைத் துணி சுற்றி ஒரு ஓரத்தில் வையுங்கள்.

11. உடம்புக்கு முடியவில்லையா? எலெக்ட்ரிக் ட்ரெயினில் எழும்பூர் இறங்கினால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். அன்றைய கழிவைச் சின்ன டப்பாவில் கொண்டு போங்கள், குடற்புழு பரிசோதனைக்கு இன்னொரு நடை மிச்சம்.