ஸுவாஹிலி மொழி: பிரயாணிகளுக்கு ஒரு முதற்பாடம்

ஊரிலிருந்து புதிதாக வந்து ஜெலுத்தோங்கில் கடையேறும் பிள்ளைக்கு நாம் முதலில் கற்பிக்கும் மலாய்ச் சொல் எது? விலை கூறும் சொல் அன்று, "அப்பா காபார்?" என்ற நல விசாரிப்பே. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வியாபார நிமித்தம் செல்ல நாடும் சகோதரர்களுக்கும் அதுவே முதற்பாடம்.

மொம்பாஸா, ஸான்ஸிபார், தாருஸ்ஸலாம் ஆகிய துறைமுகங்களில் வழங்குவது ஸுவாஹிலி மொழி. 'ஸாஹில்' என்றால் அரபியில் கடற்கரை. அதன் பன்மையான 'ஸவாஹில்' என்பதே இப்பெயருக்கு மூலம். இலக்கணம் ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளைச் சேர்ந்தது; கடல் வாணிபத்தால் அரபுச் சொற்கள் ஏராளமாகக் கலந்தன. மலாய்க்கு ஜாவியும் நம் தமிழுக்கு அர்வியும் இருந்ததுபோல், இதுவும் முன்னாளில் அரபு எழுத்தில் எழுதப்பட்டது. இன்று ரோமன் எழுத்தே வழக்கம். கென்யாவின் 2010-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இதனைத் தேசிய மொழியாகவும், ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாகவும் ஏற்றது.

ஆகவே நமக்கு இது முற்றிலும் அந்நியமன்று. துனியா, கிதாபு, ரிஸிகி (ரிஜ்கு), வகாத்தி (வக்து) ஆகியவை அங்கும் உண்டு. கடைக்கு 'துக்கா', காசுக்கு 'பேஸா', தேநீருக்கு 'சாய்'.

இனி, முகமன் சொற்கள்:

ஹுஜாம்போ? – நலமா? (மறுமொழி: ஸிஜாம்போ)
ஹபாரி கானி? – என்ன செய்தி? (மறுமொழி: ன்ஸூரி, நல்லது)
ஹபாரி ஸா அஸுபூஹி? – காலை நல விசாரிப்பு. ஸுபுஹு அறிந்த நமக்கு இது மறக்காது.
ஷிகமோ – பெரியவர்களுக்கு மட்டும் இளையவர் கூறுவது (மறுமொழி: மரஹபா)
கரீபு – வாருங்கள்
அஸாந்தே – நன்றி

சொல்லின் ஈற்றயல் அசையை அழுத்திச் சொல்க. 'கானி' என்பதில் 'கா'வைக் காந்தி என்பதில் போல ஒலிக்கவும்.

இரு எச்சரிக்கைகள். ஒன்று: மலாய் தெரிந்த துணிவில் ஏமாறக் கூடாது. மலாயில் 'காக்கா' மூத்த சகோதரி. அங்கே 'காக்கா' சகோதரன். 'டாடா' மலாயில் மார்பு, அங்கே சகோதரி!

இரண்டு: மணிக்கணக்கு. அங்கே பொழுது விடிவதிலிருந்து எண்ணுவார்கள். நமது காலை ஏழு மணி அவர்களுக்கு 'ஸா மோஜா', அதாவது மணி ஒன்று. "ஸா தானோ, அஸுபூஹி" (காலை மணி ஐந்து) என்று ஒரு மொத்த வியாபாரி அழைத்தால் பகல் பதினொன்றுக்குப் போக வேண்டும். 'தானோ' ஐந்து என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மாலை ஐந்துக்குப் போனால், ஆறு மணி நேரம் தாமதம். சரக்கு பிறர் கைக்குப் போயிருக்கும். எனவே நேரம் பேசும்போது விரலால் கடிகாரத்தைக் காட்டி உறுதி செய்துகொள்க.

நலம் கேளாது விலை கேட்பது அந்நாட்டில் மரியாதைக் குறைவு. நம் கல்லாவிலும் அப்படித்தானே? சலாம் முந்தட்டும், விலை பிந்தட்டும். கடை ஓய்ந்த வேளையில் இருவர் இருவராக இச்சொற்களைச் சொல்லிப் பழகுங்கள். வஸ்ஸலாம்.